தியேட்டருக்கு வராத படம் வீட்டுக்கு வந்தது

பெங்களூர்த் தமிழர்களுக்குப் படம் பார்க்க ஓசூர் பஸ் ஏறுவது புதிதல்ல. காவிரித் தண்ணீருக்காக மனக்கசப்பு வரும்போதெல்லாம் சுவரிலிருந்து முதலில் இறங்குவது தமிழ்ப்பட போஸ்டர்தான். 2018-ல் ரஜினிகாந்தின் 'காலா' இங்கே வெளியாகத் திண்டாடியது. 2025-ல் கமல்ஹாசனின் 'தக் லைஃப்' படத்தின் முறை. ஆனால் இந்தத் தடவை சண்டை தண்ணீருக்காக அல்ல, மொழிக்காக.

அந்த ஆண்டு மே 24-ந் தேதி சென்னையில் நடந்த பாடல் வெளியீட்டு விழாவில், தமிழிலிருந்து பிறந்ததே கன்னடம் என்று பொருள்படக் கமல் பேசினார். கன்னடர்கள் மனம் புண்பட்டது. மன்னிப்புக் கேட்டால்தான் படம் என்று கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை கூறியது. கமல் கேட்கவில்லை. ஜூன் 5-ந் தேதி மற்ற மாநிலங்களில் வந்த படம் இங்கே வரவில்லை. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. தணிக்கைச் சான்று பெற்ற படத்தைத் திரையிடத் தடை இருக்கக் கூடாது என்று கோர்ட் சொன்னபோது, படத்தின் பரபரப்பே அடங்கிவிட்டது. ஜூலை 3-ந் தேதி நெட்ஃபிளிக்ஸில் வந்த பிறகுதான் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இருப்பவர்கள் ஊரை விட்டு நகராமல் பார்க்க முடிந்தது. வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் பார்த்த 80-களின் பழக்கம் உள்ள பேட்டைகளுக்கு இது பெரிய சிரமம் இல்லை.

படம் எப்படி?

சரி, இவ்வளவு ரகளைக்குப் பிறகு கிடைத்த படம் எப்படி? ஏமாற்றம்தான். பழைய டில்லியில் 1994-ல் நடக்கும் துப்பாக்கிச் சண்டையைக் கறுப்பு வெள்ளையில் காட்டும் ஆரம்பம் நிமிர்ந்து உட்கார வைக்கிறது. ரவி கே. சந்திரனின் காமிரா பேசுகிறது. அதற்குப் பிறகு கதை தளர்ந்துவிடுகிறது. தாதா சக்திவேல் எடுத்து வளர்த்த அமரன் (சிலம்பரசன்) ஏன் அவருக்கே எதிராகத் திரும்புகிறான் என்பதை நெஞ்சில் தைக்கும்படி சொல்லவில்லை. திரிஷாவின் பாத்திரம் குடும்பத்தோடு பார்ப்பவர்களை நெளிய வைக்கிறது. அபிராமிக்கு இன்னும் நாலு காட்சி கொடுத்திருக்கலாம். ஊரெல்லாம் முணுமுணுத்த 'முத்த மழை' பாட்டைப் படத்தில் தேடினால் கிடைக்காது!

இதே மணிரத்னமும் கமலும் 1987 தீபாவளிக்கு 'நாயகன்' கொடுத்தவர்கள். அதில் பம்பாய்க்குப் பிழைக்கப் போன தமிழர்களின் குடிசையும் பயமும் மானமும் இருந்தன. வேலு நாயக்கருக்குப் பின்னால் ஒரு ஜனக்கூட்டம் நின்றது. சக்திவேலுக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. டில்லி என்பது வெறும் பின்திரை. பிழைக்க வந்த ஊரில் வாழ்பவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும்.

நம் ஊர் விமானம்

வீட்டிலேயே பார்த்து மனம் நிறைந்த படம் வேண்டுமென்றால் சூர்யா நடித்த 'சூரரைப் போற்று' இருக்கிறது. கொரோனாக் காலத்தில், 2020 நவம்பர் 12-ந் தேதி, தியேட்டருக்கு வராமல் நேராக அமேசான் பிரைமில் வந்த படம். சுதா கொங்கரா டைரக்ஷன். படத்தில் கதாநாயகன் சோழவந்தான்காரன். ஆனால் கதைக்கு வித்திட்டவர் ஹாசன் மாவட்டம் கோரூரைச் சேர்ந்த கேப்டன் கோபிநாத். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2003-ல் ஏர் டெக்கான் விமான சர்வீஸைத் தொடங்கியவர். கன்னடர் ஒருவரின் வாழ்க்கையைத் தழுவிய இந்தத் தமிழ்ப் படம், சிறந்த படம், சிறந்த நடிகர் உள்பட ஐந்து தேசிய விருதுகளை வாங்கியது.

தகப்பனார் சாகக் கிடக்கிறார் என்று சேதி வந்ததும், டிக்கெட்டுக்குப் பணம் போதாமல் விமான நிலையத்தில் கதாநாயகன் முன்பின் தெரியாதவர்களிடம் கையேந்தும் காட்சி ஒன்று போதும். ஊரிலிருந்து வரும் போனுக்கு நடுராத்திரியில் பதறி எழுந்தவர்கள் அந்தக் காட்சியில் கண்ணைத் துடைத்துக் கொள்ளாமல் இருக்க முடியாது.

மேடையில் பேசியது வேறு, படம் வேறு. பேச்சு பிடிக்கவில்லை என்றால் பேசியவரைக் கண்டிக்கலாம். ஆனால் படத்தையே மறித்துவிட்டால், அது நன்றாக இல்லை என்று சொல்லும் உரிமையும் ஜனங்களிடமிருந்து போய்விடுகிறது. 'தக் லைஃப்' நேரத்துக்குத் தியேட்டருக்கு வந்திருந்தால், ஒரே மேஜையில் வேலை பார்க்கும் கன்னடரும் தமிழரும் டீ குடித்தபடி சேர்ந்தே அதைக் குறை சொல்லியிருப்பார்கள்.

'சூரரைப் போற்று' படத்தைக் கன்னடத்திலும் குரல் மாற்றி வெளியிட்டார்கள். லீவு நாளில் பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்க்கலாம்.