ஹார்மோன் சிகிச்சையும் எலும்பும்

ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனே புராஸ்டேட் புற்றுநோய்க்கும் உரமாகிறது என்பதைச் சிக்காகோ சர்வகலாசாலையின் டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941ம் ஆண்டில் காட்டினார். 1966ல் நோபெல் பரிசும் பெற்றார். அதை அடக்குவதே இன்றும் சிகிச்சையின் அடிப்படை; பெரும்பாலும் ஊசி மருந்து போடுகிறார்கள்.

நோய் அடங்கும். ஆனால் எலும்பையும் தசையையும் காத்து வருவதும் அதே ஹார்மோன்தான். அது குன்றியதும் திடீர் திடீரென உடல் கொதித்து வியர்க்கிறது, சோர்வு வருகிறது, இல்லற விருப்பம் மங்குகிறது. வியர்வையைப் பற்றி நோயாளி உடனே முறையிடுவார். கடைசியிற் சொன்னதை வெட்கத்தால் மறைப்பார். எலும்பு தேய்வதோ அவருக்கே தெரியாது. வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த பின்னரே தெரியவரும். ஆகவே சிகிச்சை தொடங்கும்போதே எலும்பின் அடர்த்தியை அளந்துகொள்வது நன்று.

சோர்ந்தவரைப் படுக்கச் சொல்வது குடும்பத்தார் வழக்கம். இங்கு அது பொருந்தாது. பயிற்சியே சோர்வைக் குறைக்கிறது. நடை மட்டும் போதாது. டாக்டரின் யோசனைப்படி பளு தூக்கித் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். நெத்திலி போன்ற சுண்ணாம்புச் சத்துள்ள உணவும் 'டி' வைட்டமினும் தேவை. எலும்பு மிகத் தேய்ந்தவருக்குச் சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் ஆகிய மருந்துகள் உண்டு. இவை சிலருக்குத் தாடை எலும்பைக் கெடுப்பதால், தொடங்குமுன் பல் வைத்தியரிடம் காட்டிக்கொள்வது அவசியம்.