நலம் தரும் தோட்டத்தில் ஒரு நீரூற்று: கட்டுவது ஒரு வாரம், காப்பது காலமெல்லாம்

மாலை நேரத் தொழுகை முடிந்து வெளியே வந்தால், பள்ளிவாசல் படியருகே கையில் தண்ணீர் பாட்டிலோடு யாராவது நிற்பார்கள். திருப்பனந்தாள், சோழபுரம் வட்டாரத்தில் மட்டுமல்ல, தஞ்சை மாவட்டம் முழுவதும் இமாம்களுக்குப் பழகிய காட்சி இது. நோயுற்ற பிள்ளைக்கு ஓதி ஊதித் தரச் சொல்வார்கள். பக்கத்துத் தெருவின் இந்துச் சகோதரிகளும் வருவார்கள்.

அப்படி வந்த ஒரு தாயாரின் மகனுக்கு மனநோய். மருத்துவம் நடந்துகொண்டிருக்கிறது. அவர் சொன்னது இதுதான்: "மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறான் ஹஜ்ரத். ஆனா ஆஸ்பத்திரிக்குப் போனா சுவத்தைப் பாத்துக்கிட்டே நாலு மணி நேரம் காத்துக் கிடக்கணும். அதுலயே பதற ஆரம்பிச்சுடுறான். அவங்க அத்தா ஜும்ஆவுக்குக் கூட்டிக்கிட்டு வந்து நம்ம ஹவுள் கரையில உக்கார வச்சா மட்டும் அமைதியாகிடுறான்."

பாட்டிலில் ஓதிக் கொடுத்து அனுப்பினேன். ஹவுள் கரையைப் பற்றி அவர் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில், முதியோர் இல்லத்தில், மனநலக் காப்பகத்தில் அப்படி ஒரு நீர்க்கரை இருந்தால் என்ன? நம் இளைஞர்கள் சேர்ந்தால் கட்ட முடியாதா? கட்டினால் அது நிலைக்குமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடியபோது தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்கிறேன்.

தண்ணீர் என்ன செய்கிறது?

அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவமனைப் பதிவேடுகளை அவர் எடுத்துப் பார்த்தார். 23 பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. 23 பேருக்குச் செங்கல் சுவர்தான் தெரிந்தது. மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. உலகெங்கும் மருத்துவமனைத் தோட்டங்கள் பற்றிய பேச்சுக்கு இந்தச் சிறிய ஆய்வு பெரிய தூண்டுதலாக அமைந்தது.

இயற்கை ஒலிகள் குறித்து அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான மற்றோர் ஆய்வு, மனநிலையையும் உடல்நலத்தையும் மேம்படுத்துவதில் தண்ணீரின் ஓசை முன்னிற்பதாகக் கண்டது. பறவை ஒலி மன அழுத்தத்தைக் குறைப்பதில் முன்னின்றது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நீரூற்று மருந்துக்கு மாற்று ஆகாது. மனநோய்க்கு மருத்துவர் வேண்டும், மாத்திரை வேண்டும். பதற்றத்தைக் குறைத்து, அந்த மருத்துவத்தை ஏற்கும் நிலைக்கு நோயாளியைக் கொண்டுவர உதவுவதே தோட்டத்தின் வேலை.

எதிர்னேயில் ஓர் ஊற்று

துருக்கியின் எதிர்னே நகரில், துன்ஜா ஆற்றங்கரையில் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் ஒரு பள்ளிவாசலையும் அதனுடன் மருத்துவமனையையும் மருத்துவக் கல்விக்கூடத்தையும் கட்டினார். 1488இல் பணி முடிந்தது. மருத்துவமனையின் நடுக்கூடத்தில் உயர்ந்த குவிமாடம். அதன் நேர் கீழே ஒரு நீரூற்று. சுற்றிலும் உள்ள அறைகளுக்கு அதன் ஓசை எட்டும். பதினேழாம் நூற்றாண்டில் அங்கு சென்ற பயணி எவ்லியா செலபி, மனநோயாளிகளுக்கு நீரோசையும் இன்னிசையும் பூக்களின் மணமும் மருத்துவத்தோடு சேர்த்து அளிக்கப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார். சிரியாவின் அலெப்போவில் 1354இல் அமைந்த அர்கூன் மருத்துவமனையிலும் நோயாளிகளின் முற்றங்களில் நீர்த்தொட்டிகள் இருந்தன.

அன்று எல்லாமே மென்மையாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. எதிர்னேயில் சிலர் சங்கிலியில் இருந்ததையும் அதே செலபி எழுதியிருக்கிறார். ஆனாலும் மனநோயாளியின் காதுக்கு இதமான ஓசை வேண்டும் என்று நினைத்துக் கட்டடத்தின் நடுப்பகுதியையே அதற்கு ஒதுக்கியவர்கள் அவர்கள்.

நம் தமிழ்நாட்டில், நம் காலத்தில் நடந்ததை இதன் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டு போனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. எந்த வடிவிலும் நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. சங்கிலியை எடுத்துவிட்டோம், சரி. அந்த இடத்தில் என்ன வைத்திருக்கிறோம் என்பதே இன்றைய கேள்வி.

யீஷூன் காட்டும் வழி

நம் மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சிங்கப்பூரில் உறவு உண்டு. அங்கே யீஷூனில் 2010இல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனைக்குச் சென்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். நடு முற்றத்தில் செடிகொடிகளுக்கு இடையே அருவி விழுகிறது. பக்கத்தில் யீஷூன் குளம். தோட்டத்துக்குப் பாயும் நீர் அந்தக் குளத்து நீர்தான். மாடியில் காய்கறித் தோட்டம் இருக்கிறது. அதைப் பேணுவதில் தன்னார்வலர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நோயாளியல்லாத அக்கம்பக்கத்தாரும் அங்கே வந்து உட்காருகிறார்கள்.

அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் சேர்ந்து மண் சுமக்கும் பழக்கம் காவிரிப் பாசன ஊர்களுக்குப் புதிதல்ல. குடிமராமத்து என்ற சொல்லே நம்முடையது. கஜா புயலுக்குப் பிறகு, 2019இல் பேராவூரணிப் பகுதி இளைஞர்கள் 'கைஃபா' என்ற அமைப்பாகத் திரண்டு பெரிய குளத்தையே தூர்வாரினார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் ஒரு நீர்த்தொட்டி சிறிய வேலை.

கட்ட நினைத்தால் கவனிக்க வேண்டியவை

முதலில் கேளுங்கள். அங்குள்ள செவிலியரிடமும் நோயாளிகளிடமும் கேட்காமல் இடம் குறிக்காதீர்கள். எந்த வார்டிலிருந்து பார்த்தால் தெரியும், சக்கர நாற்காலி எங்கே திரும்பும், எந்த நேரம் நிழல் விழும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆழம் வேண்டாம். வலிப்பு நோயாளிகளும் குழந்தைகளும் தன்னைத்தானே வருத்திக்கொள்ளக் கூடியவர்களும் வரும் இடம் அது. நீர் ஒரு சாண் ஆழத்துக்கு மேல் போக வேண்டாம். மேலே கம்பி வலை பொருத்தி, அதன்மேல் கூழாங்கல் பரப்பி, தண்ணீர் அதன் இடுக்கில் இறங்கும்படி செய்தால் இன்னும் நல்லது. சுற்றுச்சுவரை நாற்காலி உயரத்தில் கட்டினால் அதுவே உட்காரும் திண்ணையாகிவிடும். சக்கர நாற்காலியில் இருப்பவரும் கை நீட்டித் தண்ணீரைத் தொடலாம்.

தெளிக்கும் ஊற்று வேண்டாம். காற்றில் பொடிப்பொடியாகச் சிதறும் நீர்த்துளி அழகாக இருக்கும். தண்ணீர் சுத்தமாக இல்லாவிட்டால் நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமியை அது நுரையீரலுக்குள் கொண்டு சேர்த்துவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது ஆபத்து. கல்லின் மேல் வழிந்து, ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்திலிருந்து விழுந்தால் போதும். ஓசையும் மெல்லியதாக இருக்கும். பேச்சை அமுக்கும் அளவு இரைச்சல் கூடாது.

மின்சாரத்தை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனிடம் விடுங்கள். 40 வாட் மோட்டார் ஒன்று நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் மாதம் ஏழு யூனிட்டுதான் ஆகும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் மட்டும் மோட்டாரை ஓட்டாதீர்கள்.

"மேட்டூர் திறப்பை எதிர்பார்த்து வயல் காத்துக் கிடக்கும் ஊரில் அலங்காரத்துக்குத் தண்ணீரா?" என்று ஒரு பெரியவர் கேட்பார். நியாயமான கேள்வி. நபி (ஸல்) அவர்கள் முக்கால் லிட்டர் அளவுள்ள ஒரு முத்து நீரில் உளூ செய்தவர்கள். ஆகவே அதே நீரே சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஆவியாகிப் போவதை மட்டும் நிரப்பினால் போதும். கோடையில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டர். சுத்தம் செய்யும்போது இறைக்கும் நீர் செடிகளுக்குப் போகட்டும்.

என் தவறு

இதையெல்லாம் இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் முன்பு பணியாற்றிய ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் இளைஞர்கள் ஒரே வாரத்தில் அழகான நீரூற்றைக் கட்டினார்கள். திறப்பு விழா நடந்தது. துஆ ஓதியது நான்தான். நான்காம் மாதம் மோட்டார் நின்றது. கட்டியவர்களில் இருவர் வளைகுடாவுக்குப் போயிருந்தார்கள். ஒருவர் கல்லூரிக்குப் போய்விட்டார். தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது. கடைசியில் இல்லத்தார் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். ஊற்றைப் பார்த்தபடி தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, அதன் பிறகும் தினமும் அங்கேயே வந்து உட்கார்ந்தாராம். இனி யார் சுத்தம் செய்வது என்று விழாவன்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஏழெட்டு நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை தொட்டியை இறைத்துத் தேய்த்துக் கழுவியே ஆக வேண்டும். இதில் விடுமுறை கிடையாது.

முன்னோர் இதற்கு வழி வைத்திருந்தார்கள். எதிர்னே மருத்துவமனை நூற்றாண்டுகள் நின்றதற்குச் சுல்தானின் கல் மட்டும் காரணமில்லை. அதன் செலவுக்கென எழுதி வைக்கப்பட்ட வக்ஃபு சொத்துகளும்தான். கட்டடத்தோடு சேர்த்து அதைக் கவனிப்பவரின் சம்பளத்தையும் எழுதி வைப்பது வக்ஃபின் வழக்கம்.

நாமும் அப்படியே செய்யலாம். திரட்டும் நிதியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கட்டுங்கள். மறுபாதியை ஜமாஅத் கணக்கில் பராமரிப்புக்கென்று தனியாக வையுங்கள். வாரம் இரண்டு பேர் என முறை போட்டு, ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் வெளிநாடு போனால் தன் இடத்துக்கு இன்னொருவரை நிறுத்திவிட்டுப் போகட்டும். மாற்று மோட்டார் ஒன்று எப்போதும் அலமாரியில் இருக்கட்டும். இந்த ஏற்பாடு எழுத்தில் வரும் வரை கடப்பாரையைத் தூக்காதீர்கள்.

மரணித்த தாயாருக்காக என்ன தர்மம் செய்யலாம் என்று ஸஅத் (ரலி) அவர்கள் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தண்ணீரையே காட்டினார்கள்; அவர் கிணறு வெட்டினார் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. கிணறு வெட்டிய நாளோடு அந்த தர்மம் முடிந்துவிடவில்லை. அதில் தண்ணீர் ஊறும் வரை நன்மையும் ஊறும். அதனால்தான் அதற்கு ஸதக்கத்துல் ஜாரியா, ஓடிக்கொண்டேயிருக்கும் தர்மம் என்று பெயர்.

அந்தத் தாயாரின் மகன் இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் வருகிறான். ஹவுள் கரையில் உட்கார்ந்து தண்ணீரில் விரலை அளைகிறான். அவனைப் போன்றவர்கள் காத்திருக்கும் இடங்களிலும் அப்படி ஒரு கரை அமையவும், அமைந்தது வறண்டு போகாமல் காக்கவும் அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக.