உங்களுக்குத் தெரியுமா? மாரியில் குறி மாறும் துவக்கு

ஐப்பசி மழைக்கு உடுப்பிட்டி வீடுகளின் மரக்கதவுகள் ஊறி நிலையோடு இறுகும். துவக்கின் மரப் பிடங்குக்கும் அதே வருத்தம்தான். வால்நட் மரம் ஈரம் ஏறிப் பருத்துக் குழலை ஒரு பக்கமாக நெருக்கினால், நேற்றுப் பட்ட இடத்தில் இன்று குண்டு படாது.

வட அமெரிக்காவில் மேய்ச்சல் நிலங்களைக் குடையும் சிறு விலங்குகளை 200, 300 மீற்றர் தள்ளி நின்று சுடுவார்கள். 1935இல் வின்செஸ்டர் நிறுவனம் அறிமுகப்படுத்திய .220 ஸ்விஃப்ட் ரவையின் குண்டு விநாடிக்கு 1,200 மீற்றருக்கு மேல் பாயும். அவ்வளவு தூரத்தில் ஓர் அங்குலப் பிசகும் பிசகுதான். அதனால் கனத்த குழலும், ஈரம் ஏறாத கண்ணாடிநார்ப் பிடங்கும் தேடுவார்கள்; மெல்லிய பலகைகளைப் பசையிட்டு அடுக்கிய பிடங்கும் தாங்கும். குழலுக்கும் பிடங்குக்கும் நடுவே ஒரு கடதாசித் துண்டு தடங்காமல் ஓடுகிறதா என்று இழுத்துப் பார்ப்பது பழைய சோதனை. அழகு என்னவோ மரத்துக்குத்தான்.

இலங்கையில் கதை வேறு. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். பயிர்காக்கக் கமக்காரருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சன்னம் சிதறும் சொட்கன். அது கிட்டத்துக்கு மட்டுமே உதவும். பிடங்கு கொஞ்சம் பருத்தாலும் பன்றிக்கு வித்தியாசம் தெரியாது.