விடுமுறையில் விரியும் ஏடுகள்

செமஸ்டர் தேர்வு முடிந்து, விடைத்தாட் கட்டுகளும் திருத்தி அனுப்பப்பட்ட பின்னரே கல்லூரி ஆசிரியருக்குச் சற்று ஓய்வு கிட்டுகிறது. 'பிறகு படிக்கலாம்' என ஒதுக்கிய நூல்கள் அலமாரியில் காத்திருக்கின்றன. நாள்தோறும் சேலம் சென்று பாடம் நடத்தி வாழப்பாடி திரும்பும் பேராசிரியருக்கும், ஷஅபான் இறுதி முதல் ஷவ்வால் வரை விடுமுறை பெறும் எம் போன்ற மதரஸா உஸ்தாதுகளுக்கும் நிலை ஒன்றே. "சும்மாதானே இருக்கிறீர்கள்" என்று சொல்லி வீட்டார் பணிகளை அடுக்கிவிடுகின்றனர்!

பாடத்திற்கு வெளியே ஒரு நூலைப் படித்ததால் விளைந்த பயனுக்கு நம் சேலத்தோடு தொடர்புடைய சான்று ஒன்றுண்டு. உ.வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், அங்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ் முதலியவற்றை ஐயர் அடுக்கிக்கொண்டே போக, முதலியாரோ சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். ஐயர் அதனைக் கண்டதுமில்லை. முதலியார் கொடுத்த பிரதியைக் கொண்டு படிக்கத் தொடங்கினார். சமணக் கருத்துகள் விளங்காதபோது, சைவரான அவர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்கே சென்று கேட்டறிந்தார். பிற சமயத்தார் வாயிற்படியில் மாணவராக நிற்க அவர் நாணவில்லை. கற்றோரிடம் நாம் காண விரும்பும் பண்பு அதுவன்றோ!

1887-இல் சிந்தாமணி அச்சேறியது. கல்லூரி விடுமுறைகளில் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. இவையனைத்தும் அவர் கும்பகோணத்தில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த காலத்திலேயே முடிந்தவை.

நம்மவர் இலக்கியத்தைத் துருவித் தேடிய இலங்கைப் பேராசிரியர் ம.மு. உவைஸ், பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். அவற்றைப் புரட்டினால் நாம் பெயரளவில்கூட அறியாத நூல்கள் எத்தனை! உமறுப்புலவரின் சீறாப்புராணத்தையேனும் முழுமையாகப் படித்தவர் நம் தெருக்களில் எத்தனை பேர்?

ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் என மலைக்க வேண்டா. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்றே காண்டங்கள். விடுமுறைக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம். அஸருக்குப் பின் வீட்டார் கேட்க உரக்கப் படித்துப் பொருள் கூறலாம். பெருமானாரின் பிறப்பைப் பாடும் முதற்காண்டத்தைக் கேட்கத் தாய்மார்கள் அடுக்களை வேலையை ஒதுக்கிவிட்டு வந்து அமர்வார்கள்.