இறக்கிய காருக்கு அலைன்மென்ட்: டயர், உதிரிபாக வணிகர்கள் கவனத்திற்கு

"புது டயர் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. உள்பக்கம் மொட்டையாகிவிட்டது. என்ன டயர் கொடுத்தீர்கள்?"

டயர் வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. டயரைக் கம்பெனிக்கு அனுப்பினால், தயாரிப்பில் குறை இல்லை, அலைன்மென்ட் கோளாறினால் வந்த தேய்மானம் என்று திரும்பி வருகிறது. அத்தகைய தேய்மானத்துக்குக் கம்பெனியின் உத்தரவாதம் கிடையாது. வாடிக்கையாளருக்கோ கம்பெனியைத் தெரியாது, கடைக்காரரைத்தான் தெரியும். ஆக, நடுவில் நின்று பெயரைக் கெடுத்துக்கொள்பவர் நம் வணிகர்தான்.

இப்படித் திரும்பி வரும் கார்களில் 'இறக்கிய' கார்களும் உண்டு. கார் பார்வையாக இருக்க வேண்டும், வளைவில் சாயாமல் போக வேண்டும் என்று இளைஞர்கள் கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, உயரம் குறைந்த ஸ்பிரிங்கைப் பொருத்துகிறார்கள். ஸ்பிரிங் விற்பது ஒரு கடை, மாட்டுவது ஒரு ஒர்க்‌ஷாப், டயர் விற்பது இன்னொரு கடை. இந்த மூவரில் ஒருவராவது "இனி அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டாதீர்கள்" என்று சொல்லியிருந்தால் அந்த டயர் பிழைத்திருக்கும்.

உயரம் குறைந்தால் நடப்பது என்ன?

மாருதி சுசூகி ஸ்விஃப்ட் போன்ற சிறிய கார்களை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட், பின்பக்கம் டார்ஷன் பீம் என்பது இவற்றின் அமைப்பு. முன்பக்கத்தை 30, 40 மி.மீ. இறக்கினால், கீழ் ஆர்மும் டை ராடும் நிற்கும் கோணம் மாறுகிறது. சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்கிறது. இதுவே நெகட்டிவ் கேம்பர். பல சிறிய கார்களில் இந்தச் சாய்வு ஏறக்குறைய அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை கூடும்.

அதோடு டோ என்னும் அளவும் மாறுகிறது. இரு முன் சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்துக்கும், பின்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்துக்கும் உள்ள வித்தியாசமே டோ. முன்னால் தூரம் குறைவானால் டோ இன். கூடுதலானால் டோ அவுட். இறக்கும்போது எந்தப் பக்கம் மாறும் என்பது ஸ்டியரிங் ராக் அமைந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஆகவே ஊகித்துப் பயனில்லை. அளந்துதான் பார்க்க வேண்டும்.

டயரைத் தின்பது எது?

உள்பக்கம் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத்தான் குறை சொல்கிறார்கள். அளவான கேம்பர் டயரை அவ்வளவு சீக்கிரம் தின்பதில்லை. உண்மையான எதிரி டோ. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

14 அங்குல ரிம்மில், இருக்க வேண்டிய அளவைவிட டோ 5 மி.மீ. தவறி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 2.5 மி.மீ. ரிம்மின் குறுக்களவு ஏறக்குறைய 356 மி.மீ. ஆக, ஒவ்வொரு 1,000 மீட்டர் ஓட்டத்திலும் அந்த டயர் சுமார் 7 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 10,000 கிலோமீட்டர் ஓடினால் 70 கிலோமீட்டர்! தார்ச்சாலையில் டயரைக் குறுக்கே வைத்து இழுத்துக்கொண்டு போவது போலத்தான். கேம்பர் கூடி உள்விளிம்பில் பாரம் நிற்கும்போது, இந்த இழுப்பு முழுவதும் அந்த விளிம்பில் விழுகிறது. வெளியே பட்டன் புதிதுபோல் இருக்க, உள்ளே கம்பி தெரிகிறது. குனிந்து பார்க்காதவருக்கு டயர் வெடிக்கும்வரை விஷயம் தெரிவதில்லை. உயிருக்கே ஆபத்து இதில்தான் இருக்கிறது.

அலைன்மென்ட் செய்யும் முறை

அலைன்மென்ட் மையம் நடத்தும் உறுப்பினர்கள், இறக்கிய கார் வந்தால் கீழ்க்கண்ட வரிசையில் வேலை செய்வது நல்லது.

1. நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். பால் ஜாயின்ட், டை ராடு எண்ட், வீல் பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். ஆடுகிற பாகத்தின் மேல் எடுத்த அளவு நிற்காது.

2. கீழ் ஆர்மின் புஷ் போல்ட்டுகளை, வண்டி தரையில் தன் பாரத்தோடு நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு, உயரமும் சரியாக உட்காராது. புஷ்ஷும் சீக்கிரம் கிழியும்.

3. நான்கு சக்கரத்திலும் உயரத்தை அளந்து எழுத வேண்டும். இடம், வலம் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங் சரியாக உட்காரவில்லை என்று பொருள்.

4. அளவு எடுக்குமுன் வண்டியை முன்னும் பின்னும் அழுத்திவிட்டு, தானாக நிலைக்கு வரவிட வேண்டும்.

5. முதலில் பின் சக்கரங்களைப் பார்க்க வேண்டும். டார்ஷன் பீமில் திருகிச் சரிசெய்யும் வசதி பொதுவாக இல்லை. ஆனால் பீம் கோணலாக இருந்தால், முன்பக்கத்தை என்ன சரிசெய்தாலும் ஸ்டியரிங் நேராக நிற்காது.

6. அடுத்து முன் கேம்பர். இவ்வகைக் கார்கள் பலவற்றில் கம்பெனி இதற்கு வசதி தருவதில்லை. ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் கேம்பர் போல்ட் போட்டு ஓரளவு திருத்தலாம். இரு பக்கத்துக்கும் வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருக்கட்டும்; மீறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். காஸ்டரையும் இரு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

7. கடைசியாகத்தான் டோ. கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி, இரு டை ராடுகளையும் திருகிக் கம்பெனி அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

கம்ப்யூட்டரில் இருக்கும் அளவுகள் இறக்காத காருக்கு உரியவை. எனவே கேம்பர் சிவப்பிலேயே நிற்கக்கூடும். டோ பச்சைக்கு வந்தே தீர வேண்டும். 300 முதல் 500 கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் நிலைத்த பிறகு மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். ஹெட்லைட் வெளிச்சத்தின் உயரத்தையும் அன்றே சரிபார்த்துவிடலாம்.

சட்டமும் சாலையும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. எனவே எந்த மாற்றத்துக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுக்கொள்ளும்படி வாடிக்கையாளரிடம் சொல்வது நம் கடமை.

சாலையும் இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வகுத்த அளவின்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ. நம் ஊர்களில் பல அதைவிட உயரம். தரை இடைவெளி 170 மி.மீ. உள்ள காரை 40 மி.மீ. இறக்கினால் மிச்சம் 130. நான்கு பேர் ஏறினால் அதுவும் குறையும். அடி தட்டினால் அலைன்மென்ட் மறுபடி போகும். ஸ்பிரிங்கை அறுத்து இறக்குவதை எந்தக் கடையும் ஊக்குவிக்கக் கூடாது. அறுத்த ஸ்பிரிங், சக்கரம் தொங்கும்போது இருக்கையை விட்டு நழுவக்கூடும்.

கடையில் நாம் செய்ய வேண்டியது

ஸ்பிரிங் விற்பவர்கள், "பொருத்தியதும் அலைன்மென்ட் அவசியம்" என்று பில்லிலேயே அச்சிட்டுவிடலாம். டயர் விற்பவர்கள், பழைய டயரைக் கழற்றும்போது உள்விளிம்பைத் தடவிப் பார்த்து, தேய்மானத்தை வாடிக்கையாளருக்குக் காட்டிவிட்டுப் புது டயரை மாட்ட வேண்டும். அலைன்மென்ட் மையத்தார், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத்தாளைக் கையில் கொடுத்து, நகலைக் கடையில் வைத்துக்கொள்ள வேண்டும். நாளை புகார் வந்தால் பேசப்போவது அந்தத் தாள்தான்.

இது கார் வாடிக்கையாளருக்கு மட்டுமல்ல, மூட்டை ஏற்றும் நம் கடை வண்டிகளுக்கும் பொருந்தும். பாரத்தால் ஸ்பிரிங் தளர்ந்து வண்டி ஒரு பக்கம் இறங்கினாலும் கணக்கு ஒன்றுதான். அலைன்மென்ட்டுக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாயைச் செலவாகப் பார்ப்பவர், டயருக்குப் பல ஆயிரம் கொடுக்கிறார். வியாபாரம் தெரிந்த நாம் இந்தக் கணக்கில் ஏமாறலாமா?