மேலே ஓடும் நீரும் உள்ளே ஊறும் நீரும்

நான் பிறந்து வளர்ந்தது மூணாறுக்கு அருகே உள்ள மாட்டுப்பட்டியில். பெயரைச் சொன்னதும் பலருக்கு அங்குள்ள அணைதான் நினைவுக்கு வரும். எனக்கோ எங்கள் லயத்தின் பின்புறச் சரிவும், அடைமழை நாட்களில் அம்மா சொல்வதும்தான் நினைவில் நிற்கின்றன: "மேலே ஓடுற தண்ணி கண்ணுக்குத் தெரியும். உள்ளே போற தண்ணிதான் மலையை இறக்கும்."

பொறியியல் படிக்கும் என் மகள் கணிப்பொறியில் செய்யும் பாடம் ஒன்றை அண்மையில் எனக்கு விளக்கியபோது, அம்மாவின் அந்தச் சொல்தான் காதில் ஒலித்தது. நம் பிள்ளைகளுக்கும் பயன்படுமே என்று இங்கு எழுதுகிறேன்.

காப்பி வடிகட்டியைப் பாருங்கள். தூளுக்கு மேலே வெந்நீர் தடையின்றி அசைகிறது. தூளுக்குள் போனதும் மெல்ல ஊறிச் சொட்டுகிறது. நீர் ஒன்று, நடத்தை இரண்டு. மேலே சீராக ஓடும் நீருக்கு நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள். உள்ளே ஊறும் நீருக்கு, பிரான்சு நாட்டின் ஹென்றி டார்சி மணல் நிரப்பிய குழாயில் சோதித்து 1856-ல் வெளியிட்ட விதி: அழுத்த வேறுபாடு கூடினால் ஊறும் வேகமும் அதே விகிதத்தில் கூடும், துளைகள் நுண்மையானால் வேகம் குறையும்.

இவை இரண்டும் சந்திக்கும் பரப்பில்தான் சிக்கல். மேலிருந்து இறங்கிய நீர் முழுவதும் உள்ளே போய்ச் சேர வேண்டும். ஒரு பக்கம் தள்ளும் விசையை மறுபக்கம் ஈடுகட்ட வேண்டும். கெட்டியான சுவரை ஒட்டிய நீர் அசையாமல் நிற்கும். துளையுள்ள பரப்பிலோ சற்று வழுக்கிச் செல்லும். இதை 1967-ல் பீவர்ஸ், ஜோசப் ஆகிய இருவரும் சோதனை செய்து காட்டினர். கணிப்பொறி இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒரு பகுதியின் விடையை மறு பகுதிக்குக் கொடுத்து, இரண்டும் ஒத்துப்போகும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறது.

மலைச்சரிவில் கணக்கு இன்னும் கடினம். மழைநீர் கொந்தளித்து ஓடும்போது சீரான ஓட்டத்தின் கணக்கு போதாது. மண்ணும் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் அடிப்படை இதுவே. ஊறிய நீர் மண்ணின் துளைகளை நிரப்பி அழுத்தம் ஏறினால், மண் துகள்களுக்கு இடையே உள்ள பிடி தளர்கிறது. பிறகு சரிவு இறங்குகிறது. பள்ளிக்கூடம் போகாத அம்மா சொன்னதும் இதைத்தானே!

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். எந்தக் கணக்கும் அவர்களை மீட்டுத் தராது. ஆயினும் மழையளவு, மண்ணின் ஆழம், நீர் ஊறும் வேகம் ஆகியவற்றை அந்தந்தச் சரிவிலேயே அளந்து கணக்கிட்டால், எந்த லயத்தை முதலில் காலி செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வழி பிறக்கும்.

மலையில் உறவினர் உள்ளோருக்கு ஒரு வேண்டுகோள். தரையில் புதிய விரிசல், திடீர் ஊற்று, சாயும் மரம், சட்டென்று கலங்கும் ஓடை, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இரவென்று பாராமல் வெளியேறச் சொல்லுங்கள். கணிப்பொறிக்காகக் காத்திருக்க வேண்டாம்.