346 ரூபாய் எங்கே போச்சு?

உங்கள் வீட்டுக்கு மொத்தம் எவ்வளவு கடன் இருக்கு? யோசிக்காமல் டக்குனு சொல்லுங்க பார்க்கலாம்!

முடியலைல்ல? டென்ஷன் ஆகாதீங்க பாஸ்... போன மார்ச் மாசம் வரைக்கும் நானும் அதே கேஸ்தான். ‘மாசம் எவ்வளவு கட்டுறீங்க?’ என்று கேட்டால் எங்கள் வீட்டில் மூன்று பேரும் தூக்கத்தில்கூட பதில் சொல்வோம். ‘இன்னும் எவ்வளவு பாக்கி?’ என்று கேட்டால் ஆளாளுக்கு ஃபேனைப் பார்ப்போம்.

எங்க ஊர் பெரியபாளையம். ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை பவானி அம்மன் கோயில் பக்கம் வந்திருக்கிறவங்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். வேப்பஞ்சேலை கட்டினவங்க, பொங்கல் வைக்கிறவங்க, ஆரணியாற்றங்கரையில் இறங்கி நிற்கிற வண்டிகள்... நடுவில் தேங்காய், எலுமிச்சம்பழம், மஞ்சள், குங்குமம் என்று பரப்பி வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கடை இருக்கும். அது எங்க அம்மாவோடது. அண்ணனுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை, சம்பளம் 18,000. நான் இன்ஜினீயரிங் மூணு வருஷம் முடித்தாச்சு, இன்னும் ஒரு வருஷம் பாக்கி. ஆளுக்கு ஒரு கடன் வீதம் வீட்டில் மூணு கடன். அண்ணனுக்கு பைக் லோன், அம்மாவுக்கு தண்டல், எனக்கு எஜுகேஷன் லோன். செம ஃபேமிலி பேக்கேஜ்!

கதை ஆரம்பித்தது பைக்கில். நைட் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு பஸ் கிடைக்காது என்பதால், போன தீபாவளிக்கு அண்ணன் பைக் எடுத்தான். கடன் 90,000. மூணு வருஷம். ‘‘வெறும் பத்து பர்சென்ட்தான்டா வட்டி’’ என்று பெருமையாகச் சொல்லியிருந்தான். ஒருநாள் ஹாஸ்டலில் சும்மா இருந்த நேரத்தில் போனில் ஒரு ஈ.எம்.ஐ. கால்குலேட்டரைத் திறந்து இந்த மூணு நம்பரையும் தட்டினேன். மாசத் தவணை 2,904 ரூபாய் என்றது. ஆனால், அண்ணன் அக்கவுன்ட்டில் இருந்து மாசாமாசம் போவது 3,250. மிச்சம் 346 ரூபாய் எங்கே போகுது?

நாலு வெப்சைட்டில் தட்டினேன். நாலும் 2,904-ஐத் தாண்டவில்லை. (அதில் ஒன்று ரிசல்ட் காட்டுவதற்கு முன்னால் என் போன் நம்பரைக் கேட்டது. கூட்டிக் கழிக்கிறதுக்கு என் நம்பர் எதுக்குங்க? கொடுத்துடாதீங்க. அப்புறம் ‘சார், பர்சனல் லோன் வேணுமா?’ என்று கிளாஸ் நடக்கும்போது கால் வரும்.)

விடை ரொம்ப சிம்பிள். அண்ணனுக்குச் சொன்ன பத்து, ‘ஃப்ளாட்’ பத்து. அதாவது 90,000-க்கு வருஷம் 9,000, மூணு வருஷத்துக்கு 27,000 என்று முதலிலேயே வட்டியைப் போட்டு, மொத்தம் 1,17,000-ஐ 36-ஆல் வகுத்துவிடுவார்கள். 3,250 வந்துடும். நீங்கள் பாதிக் கடனை அடைத்த பிறகும், முழு 90,000-க்கும்தான் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கால்குலேட்டர் போடுவதோ குறையும் பாக்கிக்கு வட்டி. பேங்க் ஹோம் லோன், எஜுகேஷன் லோன் எல்லாம் அந்த டைப்தான். பேரு இரண்டுக்கும் ‘பத்து பர்சென்ட்’. சரக்கு வேற!

அப்போ அண்ணன் கட்டுவது நிஜத்தில் எத்தனை பர்சென்ட்? இங்கேதான் ஸ்ப்ரெட்ஷீட் வருது. கூகுள் ஷீட்டோ எக்ஸெலோ, எதுவாக இருந்தாலும் ‘ரேட்’ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கும். அதற்குள் மூணு நம்பர்: மாசம் 36, தவணை மைனஸ் 3250, கடன் 90000. தவணைக்கு முன்னால் அந்த மைனஸ் ரொம்ப முக்கியம். காசு உள்ளே வந்தால் ப்ளஸ், வெளியே போனால் மைனஸ். அதை விட்டுவிட்டு அரை மணி நேரம் எர்ரரைப் பார்த்து முழித்தவன் என்ற அனுபவத்தில் சொல்றேன்! வரும் விடையை 12-ஆல் பெருக்கினேன். 17.9 பர்சென்ட். கிட்டத்தட்ட டபுள்.

‘‘போடா, உன் ஷீட்டுல ஏதோ தப்பு இருக்கு’’ என்றான் அண்ணன். எனக்கும் லேசா சந்தேகம்தான். பீரோவில் பைக் பேப்பர் இருந்த கவரை எடுத்து வந்து கொட்டினோம். உள்ளே ஒரு தாளில் ‘ஏ.பி.ஆர்.’ என்று போட்டு 19.1 பர்சென்ட் என்று அச்சடித்தே இருந்தது. என் கணக்கைவிட ஒரு பர்சென்ட்டுக்கு மேல் அதிகம்! அதற்கும் காரணம் அதே தாளில் இருந்தது. பிராசஸிங் கட்டணம் 1,500. கைக்கு வந்தது 88,500தான் என்று வைத்து மறுபடி ‘ரேட்’ போட்டேன். 19.1 வந்தது. அண்ணன் எதுவும் பேசவில்லை. அந்தத் தாளின் கீழே அவன் கையெழுத்தும் இருந்தது.

இந்தத் தாளைப் பற்றி உங்களுக்குக் கட்டாயம் சொல்லணும். 2024 அக்டோபர் 1-ம் தேதியிலிருந்து கொடுக்கப்படும் புதிய சில்லறைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு முக்கிய விவர அறிக்கை தரணும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு நிஜமாக எத்தனை சதவிகிதம் ஆகிறது என்பதுதான் அந்த ஏ.பி.ஆர். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்கணும் என்றும் விதி சொல்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு நம்பரைத் தேடுங்க. முன்கூட்டியே கடனை முடித்தால் கட்டணம் உண்டா என்பதையும் அதிலேயே பார்த்துடலாம்.

அன்று ராத்திரியே ஷீட்டில் 36 வரிசை போட்டேன். ஆரம்ப பாக்கி, வட்டி, அசல், மீதி என்று நாலு கட்டம். முதல் மாசம் கட்டிய 3,250-ல் 1,344 வட்டிக்கே போயிருக்கு. அசலில் கழிந்தது 1,906. கடைசி மாசம் பார்த்தால் வட்டி வெறும் 48 ரூபாய். எட்டு தவணை, அதாவது 26,000 கட்டியும், கடன் குறைவது என்னமோ 16,000 சொச்சம்தான். இதை வாயால் சொன்னால் யாருக்கும் உறைக்காது. கட்டம் கட்டமாகப் பார்க்கும்போது வயிற்றில் என்னமோ பண்ணும்.

இந்தக் கட்டம் போட்ட மேட்டருக்கு ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். அமெரிக்காவில் ஹார்வர்டில் எம்.பி.ஏ. படித்த டான் பிரிக்லின் என்பவருக்கு, கிளாஸில் உட்கார்ந்திருந்தபோது வந்த ஐடியா இது. போர்டில் ஒரு நம்பர் மாறினால் அதைத் தொட்டு வரும் எல்லா நம்பரையும் அழித்து அழித்து எழுதவேண்டியிருந்தது. தானாக மாறினால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். நண்பர் பாப் ஃப்ராங்க்ஸ்டனோடு சேர்ந்து, 1979-ல் ஆப்பிள் கம்ப்யூட்டருக்காக ‘விசிகால்க்’ வந்தது. எக்ஸெலுக்கு எல்லாம் அதுதான் தாத்தா. நாம் கிளாஸில் உட்கார்ந்து என்ன யோசிக்கிறோம்னு... சரி, அது வேண்டாம்!

அடுத்தது அம்மா. தண்டல் தெரியும்தானே? 10,000 என்று எழுதிக்கொண்டு 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500-ஐக் கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய், நூறு நாள். கட்டம் போட்ட ஒரு அட்டையில் வசூல்காரர் டிக் அடித்துக்கொண்டே வருவார். யோசித்தால் அந்த அட்டையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்தான். என்ன, வட்டிக்கு மட்டும் அதில் கட்டம் கிடையாது!

‘‘ஆயிரத்து ஐநூறுதானே வட்டி... பத்தாயிரத்துக்குப் பதினஞ்சு பர்சென்ட். உங்க அண்ணன் வண்டியைவிடக் கம்மி’’ என்றார் அம்மா. அதே ‘ரேட்’ போட்டேன். நாள் 100, மைனஸ் 100, கடன் 8500. நாளுக்கு 0.33 சதவிகிதம். 365-ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு 121 பர்சென்ட்! வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டிருந்தது என்னுடைய எஜுகேஷன் லோனைப் பார்த்து. லட்சக் கணக்கில் இருக்கே! உண்மையில் எங்களைத் தின்றுகொண்டிருந்தது அந்தச் சின்ன அட்டைதான். வருஷத்துக்கு மூணு ரவுண்டு ஓடினால் வட்டி மட்டும் 4,500. ஆனால், அம்மா கையில் அந்தக் காசு ஒருநாளும் 8,500-க்கு மேல் நின்றதில்லை. பாதி நாள் ஆகும்போது பாதிக் காசு திரும்பிப் போயிருக்கும். 2003-ல் தமிழ்நாட்டில் வந்த அதீத வட்டித் தடைச் சட்டம், கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

நான் லெக்சரை முடித்ததும் அம்மா கேட்ட கேள்விக்கு என் ஷீட்டில் பதில் இல்லை. ‘‘ஆடிக்கு முந்தின நாள் தேங்காய் லோடு வந்து நிக்கும். காலையில ஆறு மணிக்கு பேங்க்காரங்க கடைக்கு வந்து காசு தருவாங்களாடா?’’

தர மாட்டார்கள். அதனால், ‘தண்டல் வாங்கவே கூடாது’ என்று உங்களுக்கு அட்வைஸ் பண்ண எனக்கு வாய் வரலை. ஆடி வரும் தேதி காலண்டரில் முதலிலேயே இருக்குல்ல? அந்த ஒரு பாயின்ட்டைத்தான் பிடித்துக்கொண்டேன். அம்மாவின் தோட்டை பேங்க்கில் அடகு வைத்து அதே 8,500-ஐ முன்னாடியே வாங்கினால், பத்து பர்சென்ட் வட்டி என்று வைத்தாலும் நூறு நாளைக்கு 233 ரூபாய். மதிப்பீட்டுக் கட்டணம் தனி. அதைச் சேர்த்தாலும் 1,500 எங்கே, இது எங்கே? இரண்டு நாள் அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. மூணாவது நாள், ‘‘தோடு இல்லாம கோயில் வாசல்ல உட்கார்றதா?’’ என்றார். நாலாவது நாள், ‘‘கவரிங் வாங்கிட்டு வா’’ என்றார்.

சரி, கடைசியாக நம்ம மேட்டர். உங்களில் நிறைய பேருக்கு இது சொந்தக் கதையாக இருக்கும். வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு லட்சம் லோன், பத்து பர்சென்ட் வட்டி. படிக்கிற நாலு வருஷமும், அப்புறம் ஒரு வருஷமும் கட்ட வேண்டாம். ‘அப்போ வட்டியும் கிடையாது’ என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீங்க, என் கிளாஸில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க! அந்த ஐந்து வருஷமும் தனி வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஷீட்டில் போட்டால் 1,40,000. முதல் தவணை கட்டும் நாளில் கடன் நாலு லட்சம் இல்லை, 5,40,000. பத்து வருஷம், மாசம் 7,136. வட்டியை மட்டும் அப்பப்போ கட்டிவந்தால் தவணை 5,286-ல் நிற்கும். கூட்டிப் பார்த்தால் சுமார் 82,000 மிச்சம். படிக்கும்போதே வட்டி கட்டினால் சில வங்கிகள் வட்டி விகிதத்திலும் கொஞ்சம் குறைக்கும். கேட்டுப் பாருங்க.

இந்த 1,40,000-ஐப் பார்த்து மிரண்டுபோய்த்தான் பேங்க்குக்கு ஓடினேன். 2009-10 கல்வியாண்டிலிருந்து மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் ஒன்று இருக்கிறது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் அந்தத் திட்டத்துக்குள் வந்தால், கட்ட வேண்டாத காலத்து வட்டியை அரசே ஏற்கும். அங்கிருந்த ஆபீஸர் என் ஃபைலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். ‘‘இன்கம் சர்ட்டிஃபிகேட்டே நீ தரலையேப்பா!’’

மூணு வருஷமாக! தப்பு என்னோடதுதான். ஒருநாள்கூட அந்த ஃபைலைப் பற்றி நான் கேட்டதில்லை. மறுநாளே இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, கைக்கு வந்ததும் பேங்க்கில் கொடுத்துவிட்டேன். போன வருஷங்களுக்கும் சேர்த்துக் கிடைக்குமா என்று இன்னும் பதில் வரவில்லை. அதுவரைக்கும் இங்கே எழுதிக் கிடைக்கும் காசில் மாசம் 500 வட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் ஃபைலில் அந்தச் சான்றிதழ் இருக்கா? நாளைக்கே போய்ப் பார்த்துடுங்க, ப்ளீஸ்!

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் எங்கள் மூணு பேர் கணக்கையும் ஒரே ஷீட்டில் சேர்த்தேன். மானியம் வராது என்றே வைத்துக்கொண்டால், வட்டியோடு சேர்த்து எஜுகேஷன் லோன் சுமார் 3,55,000. பைக் 73,929. தண்டல் பூஜ்யம். மொத்தம் நாலே கால் லட்சத்துக்கு மேல். அம்மாவிடம் போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை விரலை வைத்துப் படித்தார்.

‘‘எல்லாம் சரிடா... பூக்கார அக்காவுக்கு எழுநூறு தரணும். அதை எங்கே காணோம்?’’

இன்னொரு வரிசை சேர்த்திருக்கிறேன்.